ஊடகத்தின் பலம் எங்கே இருக்கிறது? கடலூர் மாணவிக்கு ஒரு பதில்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஊடகங்கள் சமூகத்தையே மாற்றிவிடும் என்று பாடத்தில் வருகிறதே, அது உண்மையா, இல்லை மக்கள் கேட்பதைத்தான் அவை கொடுக்கின்றனவா என்பது முதல் கேள்வி. "எங்கள் தெருவில் அடிபம்புத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. எத்தனையோ பேர் எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். ஒரு சேனல்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஊடகத்துக்கு அவ்வளவு பலம் இருந்து எங்களுக்கு என்ன பயன்?" என்பது இரண்டாவது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மனதில் ஏற்கெனவே ஊறிப்போன ஒரு கருத்தை மாற்றும் விஷயத்தில் ஊடகம் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய ஆள் கிடையாது. ஆனால் ஊரில் எது பேச்சாக வேண்டும், யாருடைய கஷ்டம் கணக்கில் வர வேண்டும், எந்த ஊர் யார் கண்ணிலும் படாமல் போகலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது. இதற்கு அமெரிக்கப் பாடப்புத்தகம் வரைக்கும் போக வேண்டியதில்லை. நம் கடலூர், புதுச்சேரிக் கரையிலேயே போதுமான உதாரணம் இருக்கிறது. பல வருடம் இந்தப் பக்கம் செய்தியாளனாக இருந்து, பிறகு பாடம் எடுக்கப் போனவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவ ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றுவட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவ ஊர்களில் அந்த மையத்தின் முக்கிய வேலை, கடல் நிலவரம் சொல்வது. இன்றைக்கு அலை எவ்வளவு உயரம் எழும், காற்று எப்படி இருக்கும் என்ற முன்கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். நாள்தோறும் கேட்டுக் கேட்டு, சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்ததால், அந்தக் குரலுக்கு ஊரில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு நிலநடுக்கம். அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் கிடையாது, ஐதராபாத்தில் அது வந்ததே 2007ல்தான். கரையோர மக்களைப் பார்த்து "ஓடுங்கள்" என்று சொல்ல, கையில் அவகாசம் இருந்தும், எந்தப் பெரிய ஊடகத்துக்கும் தெரியவில்லை. நல்லவாட்டுக்காரர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியில் நிலநடுக்கத்தைப் பற்றி அறிந்து வீட்டுக்குப் போன் போட்டார். கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்றார்கள். எல்லாரும் உடனே கிளம்புங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். 3,600 பேருக்கு மேல் இருந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின, ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே காலையில் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சிங்கப்பூரில் அவர் அறிந்த அதே செய்தி உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அது உயிர்காக்கும் செய்தியானதற்குக் காரணம், நடுவில் ஊரை நினைத்துக்கொண்டு போன் போட ஓர் ஆள் இருந்ததும், ஊர் நம்புகிற ஓர் ஒலிபெருக்கி இருந்ததும்தான். பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியல் அறிஞர் 1940ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், அதிபர் தேர்தலின்போது வாக்காளர்களைத் தொடர்ந்து சந்தித்துச் செய்த ஆய்விலும் இதே மாதிரிதான் தெரிந்தது. வானொலியும் பத்திரிகையும் நேராக மக்கள் மனதை மாற்றிவிடும் என்று எதிர்பார்த்துப் போனார்கள். ஆனால் ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த, விஷயம் தெரிந்தவர் என்று மதிக்கிற ஒருவரின் பேச்சைத்தான் அதிகம் கேட்டார்கள். செய்தி முதலில் அந்த நபருக்குப் போய், அவர் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போனது. நம் டீக்கடையில் காலை ஆறு மணிக்கு இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். ஒருவர் தலைப்பைச் சத்தமாகப் படிப்பார். பெஞ்சில் இருக்கிற பெரியவர் "அப்படி இருக்காதுப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தச் செய்தியின் மதிப்பு அங்கேயே பாதியாகிவிடும்.

சரி, கருத்தை மாற்றுவதில் ஊடகத்தின் பலம் இவ்வளவுதான் என்றால், மிச்சப் பலம் எங்கே இருக்கிறது? பெர்னார்ட் கோஹன் என்ற அரசியல் அறிஞர் 1963லேயே இதைச் சொன்னார். எப்படி யோசிக்க வேண்டும் என்று சொல்வதில் பத்திரிகைகள் பல நேரம் தோற்கலாம், எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்வதில் அசாத்தியமாக ஜெயிக்கின்றன என்பது அவர் கருத்து. 1968 அமெரிக்கத் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு பேராசிரியர்கள் சாப்பல் ஹில் என்ற ஊரில் 100 வாக்காளர்களிடம் கேட்டு, 1972ல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். ஊடகம் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்ததோ, ஏறக்குறைய அதே வரிசையில்தான் வாக்காளர்களும் அவற்றை முக்கியம் என்று சொன்னார்கள்.

இதைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அனுபவித்தவர்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒரு முந்திரித் தோப்பு மறுபடி காய்ப்புக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று விவசாயிகளைக் கேட்டால் தெரியும். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்ததால் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். கரண்ட் இல்லாத வீட்டில் டிவி இல்லை, செல்போனுக்குச் சார்ஜ் இல்லை. புயலில் அடிபட்டவர்களுக்குத் தங்களைப் பற்றி என்ன செய்தி போகிறது, எது போகவில்லை என்றே தெரியாது. பேட்டரியில் ஓடும் ரேடியோ வைத்திருந்தவர் வீட்டு வாசலில் தெருவே கூடி நின்றது. வெளியே மாநிலம் முழுக்க, அந்த டிசம்பர் முழுவதும் முல்லைப் பெரியாறு விவகாரம், ஆளுங்கட்சிக்குள் நடந்த வெளியேற்றங்கள் என்றே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் புத்தாண்டு வேறு. கடலூரின் சேதம் எவ்வளவு பெரியது என்பது வெளியூர்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

2015லும் அப்படித்தான். நவம்பர் 9, மறுநாள் தீபாவளி. நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீட்டோடு ஆட்களை அடித்துக்கொண்டு போனது. தமிழ்ப் பத்திரிகைகளில் செய்தி வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் வெள்ளம் என்பதை நாடே திரும்பிப் பார்த்தது, டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை மூழ்கிய பிறகுதான். சென்னையின் சேதம் மிகப் பெரியது, அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் மூன்று வாரம் முன்னாலேயே மூழ்கி, டிசம்பரில் மறுபடியும் மூழ்கிய கடலூரை, "எங்களையும் மறந்துவிடாதீர்கள்" என்று சமூக ஊடகத்தில் கூவிக் கூவித்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. நிவாரண லாரி எங்கே போகிறது என்பது, கேமரா எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. சுனாமி சமயத்தில் இதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். மெயின் ரோட்டிலிருந்து சுலபமாகப் போகக்கூடிய, டிவியில் அடிக்கடி காட்டிய ஊர்களில் பழைய துணி குவியலாகக் கிடந்தது. உள்ளே தள்ளி இருந்த ஊர்கள் காத்துக்கொண்டிருந்தன.

ஏன் இப்படி? யாரும் உட்கார்ந்து சதி செய்யவில்லை. வேலை நடக்கிற விதம் அப்படி. செயற்கைக்கோள் வசதியுள்ள நேரலை வண்டிகள் பெரும்பாலும் சென்னையில்தான் நிற்கும். தாலுகா அளவில் இருக்கிற பகுதிநேர நிருபருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சொற்பத் தொகை. பல இடங்களில் பண்டிகை, தலைவர் பிறந்தநாள் என்று விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும் அவர் தலையில்தான் விழுகிறது. விளம்பரம் தருகிற உள்ளூர்ப் பெரிய மனிதரைப் பற்றி அவரே செய்தியும் எழுத வேண்டும் என்றால் எழுத்து எப்படி வரும்? அப்புறம் டிஆர்பி. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் வைத்த கருவிகள்தான் யார் எதைப் பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்கின்றன. விளம்பரக் காசு அந்தக் கணக்கின் பின்னால் போகிறது, செய்தி காசின் பின்னால் போகிறது. இதில் உங்கள் தெருவின் மஞ்சள் தண்ணீர் எங்கே வரும், சொல்லுங்கள். மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம் என்று சேனல்காரர்கள் சொல்லும்போது, அந்த "மக்கள்" யார் என்று கேட்க வேண்டும். உங்களை யாரும் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊடகத்தின் பலம் எழுதுவதோடு முடிவதில்லை, கொண்டுபோய்ச் சேர்ப்பதிலும் இருக்கிறது. இதற்குப் புதுச்சேரியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1908ல் சென்னையில், பாரதி நடத்திய 'இந்தியா' வாரப் பத்திரிகையின் ஆசிரியர் என்று பெயர் பதிவாகியிருந்தவரை ஆங்கிலேய அரசு கைது செய்ததும், பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். அந்த வருடம் அக்டோபரிலேயே 'இந்தியா' இங்கிருந்து வர ஆரம்பித்துவிட்டது. கார்ட்டூன் போட்டு அரசியல் பேசிய பத்திரிகை அது. பிரெஞ்சு எல்லைக்குள் வந்து அச்சகத்தைப் பூட்ட ஆங்கிலேயரால் முடியாது. அதனால் தங்கள் ஆட்சிப் பகுதிக்குள் பத்திரிகை நுழைவதற்கே தடை போட்டார்கள். வாசகர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது. எழுதும் கை இருந்தது, அச்சு இயந்திரம் இருந்தது, படிக்கிற ஆளிடம் போகிற வழி மட்டும் இல்லாமல் போனது. பாரதி 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியபோது பிடித்து வைத்ததும் உங்கள் கடலூர்ச் சிறையில்தான். இன்றைக்குத் தபாலின் இடத்தில் கேபிள் இணைப்பும், எந்த வீடியோ யார் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்கிற கணினி நிரலும் இருக்கின்றன. வழியை வைத்திருப்பவர் கையில்தான் கடைசிச் சொல் இருக்கிறது, அது மாறவில்லை.

இதுவரை சொன்னது செய்தியைப் பற்றி. ஊடகம் யோசிக்காமலே செய்கிற வேலைகள் வேறு. டிவி சீரியல் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் கேபிள் டிவி புதிதாக நுழைந்த கிராமங்களை 2001 முதல் 2003 வரை ஆராய்ந்து, 2009ல் வெளியிட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களுக்கு இருந்த பங்கு கூடியது. சீரியலில் மாமியார் மருமகளைக் கொடுமைப்படுத்திக்கொண்டேதான் இருந்திருப்பார். ஆனால் திரையில் வேலைக்குப் போகிற, எதிர்த்துப் பேசுகிற, தனியாக வெளியூர் போகிற பெண்களும் தினமும் வந்தார்கள். கதை என்ன சொல்ல நினைத்தது என்பதைவிட, எதைச் சாதாரணமாகக் காட்டியது என்பதுதான் வீட்டுக்குள் வேலை செய்திருக்கிறது என்பது என் கணிப்பு.

இதே பலம் கெடுதலும் செய்யும். இதைப் பற்றிப் பேசாமல் புதுச்சேரியிலிருந்து ஊடகத்தைப் பற்றி எழுதக் கூடாது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் தற்கொலை விகிதத்தில் புதுச்சேரி பல வருடங்களாக நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. நம் நாளிதழ்கள் இந்தச் செய்தியை எப்படிப் போடுகின்றன என்று பாருங்கள். தலைப்பிலேயே இறந்த முறை, அடுத்த வரியில் ஒற்றைக் காரணம், வயிற்றுவலி என்றோ, தேர்வில் தோல்வி என்றோ, திட்டியதால் என்றோ. படத்தோடு பெரிதாக வரும். வியன்னாவில் 1980களில் மெட்ரோ ரயில் முன் விழுந்து இறப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், பத்திரிகைகளும் அதை விலாவாரியாக எழுதின. 1987ல் மனநல வல்லுநர்கள் பத்திரிகைகளோடு பேசி, பெரிதுபடுத்தாமல், முறையை விவரிக்காமல் எழுத ஒப்புக்கொள்ள வைத்தார்கள். சில மாதங்களிலேயே மெட்ரோவில் நடந்த சம்பவங்கள் பெருமளவு குறைந்தன. மாறியது செய்தி எழுதும் விதம் மட்டும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டி இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019ல் இதே நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் மன்றத்துக்குக் கண்டிக்கும் அதிகாரம்தான் உண்டு, அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. செய்தியின் அடியில் 104 என்ற உதவி எண்ணைப் போட்டுவிட்டு, மேலே எல்லாவற்றையும் பழையபடி எழுதுகிற பத்திரிகையைப் பார்த்தால் எனக்கு ஆறவில்லை. இதை எழுதுகிறவர்கள் என் பழைய மாணவர்களாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்: அந்தத் தலைப்பை மாற்றுங்கள், உயிர் மிஞ்சும்.

வாட்ஸ்அப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். பின்னால் இருந்தது வாட்ஸ்அப் வதந்தி. நாடு முழுக்க இப்படிப் பல சம்பவங்கள் நடந்த பிறகுதான் அந்த வருடம் ஜூலையில், வந்த ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே தடவையில் மறுபடி அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. ஆனால் வதந்தி ஏன் இவ்வளவு சுலபமாக வேர் பிடிக்கிறது என்றால், அந்த இடத்தில் வேறு செய்தி இல்லை. 2024 டிசம்பர் 2 அதிகாலை தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். எச்சரிக்கை யாருக்கு எப்போது வந்தது என்பதே பெரிய சர்ச்சையானது. மாநில சேனலுக்கு "சாத்தனூர் அணை திறப்பு" என்ற வரி போதும். அந்த ஆறு கடலில் சேரும் கடலூர்ப் பக்கத்து நாணமேடு, உப்பலவாடி, கண்டக்காட்டு ஜனங்களுக்குத் தெரிய வேண்டியது, தண்ணீர் நம் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதுதான். அதைச் சொல்ல ஊடகம் இல்லாத இடத்தில், யார் எதை அனுப்பினாலும் ஜனங்கள் நம்பத்தான் செய்வார்கள். புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி போன்ற சமுதாய வானொலிகள் கரையோரம் முழுக்க இன்னும் பல வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இனி உங்கள் தெருவுக்கு வருவோம். முதுநகர்ப் பக்கம் சிப்காட் ஆலைகளின் நாற்றத்தைப் பற்றி உங்கள் அப்பா அம்மா காலத்திலிருந்தே புகார் உண்டு. "நாற்றம் தாங்க முடியவில்லை" என்பது மட்டும் செய்தியாக நிற்கவில்லை. 2004ல் அந்தச் சுற்றுவட்டார கிராமத்து ஜனங்களே காற்றைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளி, அதற்குள் காற்று புகும் ஒரு பை, உள்ளே இழுக்க ஒரு சின்ன பம்ப். எந்த நேரம், எந்த இடம், காற்று எந்தத் திசை, என்ன மாதிரி வாடை என்று நோட்டில் குறித்தார்கள். பையை ஆய்வகத்துக்கு அனுப்பி, காற்றில் கலந்திருந்த ரசாயனங்களைப் பெயரோடு அறிக்கையாக வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பத்திரிகைகள் எழுதின, அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பேச்சில் ஏறியது, இறங்கவில்லை.

நீங்களும் அப்படி ஆரம்பிக்கலாம். ஒரு நோட்டு போட்டு, எந்தெந்த அடிபம்பில் எந்தத் தேதியில் தண்ணீர் எப்படி வந்தது என்று தெருவில் நாலு பேர் கையெழுத்தோடு எழுதுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்து எழுத்தில் தருவார்கள். பாட்டிலில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முதலில் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முடிவு செல்லாது என்பார்கள். அந்தத் தாளோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது எண்ணை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் சொல்லியாக வேண்டும். இவ்வளவும் கையில் இருக்கும்போது சென்னை சேனலுக்குப் போன் போட வேண்டாம். உங்கள் தாலுகா நிருபரைப் போய்ப் பாருங்கள். அவருக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. தேதியோடு, எண்ணோடு, ஆய்வக முடிவோடு போனால் அவர் வேலையில் பாதியை நீங்களே முடித்துக் கொடுத்ததாக ஆகும். செய்தி ஒரு தடவை வந்தால் போதாது. மனு கொடுத்த மாதம் ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று என்று திரும்ப வர வேண்டும். அதற்கு அந்த நோட்டை நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் கல்லூரித் தோழிகளில் இரண்டு பேர் அடுத்த தெருக்களிலும் இதையே ஆரம்பித்தால் இன்னும் நல்லது. ஒரு தெரு சொன்னால் அது குழாய்ப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுவார்கள். மூன்று தெரு சேர்ந்து சொன்னால், அடியில் இருக்கிற நிலத்தடி நீரைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும்.